ஆபீஸ் பிரிண்டரை நெட்வொர்க்கில் இணைக்க முழு வழிகாட்டி: முதலில் முகவரி, அப்புறம்தான் கணினி

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் அலுவலகம். ஜூன் மாதம், சீசன் உச்சத்தில் இருக்கிறது. வாசலில் லோடு ஏற்றிய லாரி நிற்கிறது. இன்வாய்ஸும் ஈ-வே பில்லும் கைக்கு வந்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். கணினியில் பிரிண்ட் கொடுத்தால் "ஆஃப்லைன்" என்கிறது. பிரிண்டரோ பச்சை விளக்கு எரிய, எனக்கென்ன என்று உட்கார்ந்திருக்கிறது. பிரிண்டர் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஒரே பிரிண்டர் நாலு முறை இருந்தது. பெயருக்குப் பின்னால் "காப்பி 1", "காப்பி 2", "காப்பி 3". நின்றுபோன ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் புதிதாகச் சேர்த்திருக்கிறார்.

பிரிண்டரில் எந்தக் கோளாறும் இல்லை. முந்தின இரவு கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் அதற்கு வேறு முகவரி கொடுத்துவிட்டது. கணினிகள் காலிசெய்த வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்தில் "பிரிண்டர் வரலை சார்" என்று எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். வேலையை வரிசை மாற்றிச் செய்ததால் வரும் கதை இது.

மூன்றிலிருந்து பதினைந்து கணினிகள், ஒரு ரவுட்டர், பிரிண்ட்-ஸ்கேன்-ஜெராக்ஸ் மூன்றும் செய்யும் ஒரு லேசர் மெஷின், விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள அலுவலகத்துக்காக இதை எழுதுகிறேன். மெனுவின் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், வரிசை மாறாது.

1. முந்தின நாளே வாங்கி வைக்க வேண்டியவை

ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு. இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, ரவுட்டருக்குள் நுழைந்து செட்டிங் மாற்றுவதற்கானது. நம் ஊரில் பெரும்பாலும் ஃபைபர் இணைப்பு கொடுத்த கேபிள்காரரிடம்தான் இருக்கும். வேலையைத் தொடங்கிவிட்டுப் போன் செய்தால் "பர்கூர்ல இருக்கேன் சார், சாயங்காலம் வரேன்" என்பார். சாயங்காலம் என்றைக்கு என்று சொல்ல மாட்டார்.

பிரிண்டரின் அட்மின் பாஸ்வேர்டு. புது மெஷின் என்றால் பின்பக்க ஸ்டிக்கரிலோ டோனர் கதவின் உள்பக்கமோ பாருங்கள். பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்த ரீகண்டிஷன் மெஷின் என்றால், பழைய ஆபீஸ் போட்ட பாஸ்வேர்டு உள்ளேயே இருக்கலாம். விற்றவரிடமே ரீசெட் செய்து வாங்குங்கள். பணம் கொடுத்த பிறகு கேட்டால் அது தனி வேலையாகிவிடும்.

கணினிகளின் அட்மின் பாஸ்வேர்டு. பிரிண்டரோடு பேசக் கணினிக்கு உதவும் மென்பொருளான டிரைவரைப் போட இது வேண்டும். பல அலுவலகங்களில் முதலாளிக்கு மட்டும் தெரியும், அவர் அன்றைக்குப் பார்த்து கல்யாணத்துக்குப் போயிருப்பார்.

மாடலின் முழுப்பெயர், கடைசி எழுத்து வரை. அந்த வால் எழுத்துகளில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலான கம்பெனிகளில் "டி" என்றால் தாளின் இருபக்கமும் அடிக்கும், "என்" என்றால் நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் போர்ட் உண்டு, "டபிள்யூ" என்றால் வைஃபை உண்டு. ஒரே எண்ணில் லேன் இல்லாத மாடலும் ஆயிரம், இரண்டாயிரம் குறைவாக விற்கிறது. அதை வாங்கி வந்துவிட்டு போர்ட் எங்கே என்று தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிரைவரையும் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து முன்கூட்டியே இறக்கி பென்டிரைவில் வையுங்கள். சிறியது, பெரியது என்று இரண்டு இருந்தால் பெரியதை எடுங்கள். ஸ்கேன் மென்பொருள் அதில்தான் இருக்கும்.

2. இடமும் கரண்டும்

லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள். டோனர் தூளைத் தாளோடு உருக்கி ஒட்டும் ஃபியூசர் என்ற பகுதி சூடாகும் நேரத்தில் மெஷின் திடீரென்று நிறைய கரண்ட் இழுக்கும். கணினிக்கென வாங்கிய சின்ன யூபிஎஸ் அதைத் தாங்காது, "பீப்" என்று கத்தி அத்தனையையும் அணைத்துவிடும். எர்த் சரியாக உள்ள சுவர் பிளக்கில் நேராகப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம்.

ஆனால் ரவுட்டரையும், லேன் கேபிள்களைப் பிரித்துக்கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்சையும் கண்டிப்பாக யூபிஎஸ்ஸில் போடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கரண்ட் போகும்போதெல்லாம் ரவுட்டர் அணைந்து எழுந்தால், யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்பதை அது மறந்துவிட வாய்ப்பு உண்டு. மேலே சொன்ன லாரி கதை அங்கிருந்துதான் தொடங்கியது.

கிரானைட் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெஷினை ஜன்னலோரம் வைக்காதீர்கள். ஸ்கேனர் மூடியைத் திறந்தால் பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில், விரல் அகலத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டை தெரியும். மேல் டிரேயில் கட்டாக வைக்கும் தாள்கள் இந்தப் பட்டையின் மேல் ஓடித்தான் ஸ்கேன் ஆகின்றன. கல்தூள் ஒரு பொட்டு அதில் ஒட்டினால் போதும், ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழாக ஒரு கருங்கோடு விழும். கண்ணாடியில் தாளை வைத்து எடுத்தால் சுத்தமாக வரும், மேல் டிரேயில் போட்டால் கோடு வரும். அப்படியென்றால் குற்றவாளி அந்தப் பட்டைதான். இழை விடாத துணியில் லேசாக ஈரம் தொட்டுத் துடைத்தால் போய்விடும். இதற்காக டிரம் மாற்றச் செலவு செய்தவர்கள் இருக்கிறார்கள்.

3. நெட்வொர்க்கைத் தொடும் முன் ஒரு ஜெராக்ஸ்

பேக்கிங் டேப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு, எந்த ஒயரும் இல்லாமல், கண்ணாடியில் ஒரு தாளை வைத்து ஜெராக்ஸ் எடுங்கள். அப்புறம் மேல் டிரேயில் மூன்று தாள் வைத்து எடுங்கள். தாள் இழுப்பதிலோ டோனரிலோ குறை இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். நெட்வொர்க்கை இணைத்த பிறகு தாள் வரவில்லை என்றால் குறை மெஷினிலா ஒயரிலா டிரைவரிலா என்று மூன்று இடத்தில் தேட வேண்டியிருக்கும்.

இந்த இடத்திலேயே மெஷின் பேனலில் தேதி, நேரம், தாள் அளவு ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். சில மெஷின்கள் அமெரிக்க லெட்டர் அளவோடு வரும். நாம் வைப்பது ஏ4. டிரே செட்டிங்கில் மாற்றாவிட்டால் "லெட்டர் தாள் வை" என்று மெஷின் பிடிவாதமாக நிற்கும், நெட்வொர்க் போச்சு என்று நினைத்துக்கொள்வீர்கள். தேதியும் நேரமும் ஏன் என்பது ஸ்கேன் பகுதியில் வரும்.

4. லேன் கேபிளா, வைஃபையா

கேபிள். மெஷின் நகரப்போவதில்லை, நகராத பொருளுக்கு வைஃபை எதற்கு? ஸ்விட்சிலிருந்து மெஷின் வரை ஒரே நீளமாக நல்ல கேட்6 கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். விலை குறைந்த கேபிள்களில் செம்புக்குப் பதில் செம்பு பூசிய அலுமினியம் இருக்கும், நாளாக நாளாகத் தகராறு செய்யும். கேபிளைச் செருகியதும் போர்ட் பக்கத்தில் குட்டி விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள், கேபிளை மாற்றிப் பாருங்கள்.

வைஃபைதான் வழி என்றால் இரண்டு விஷயம். நிறைய பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பார்க்கும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அதன் பட்டியலிலேயே வராது. "கெஸ்ட்" வைஃபையிலும் இணைக்காதீர்கள். அதில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுத்து வைத்திருக்கும். இன்னொன்று, பல மாடல்களில் லேன் கேபிளைச் செருகினால் வைஃபை தானாக அணைந்துவிடும். இரண்டையும் போட்டு வைத்தால் எதில் இருக்கிறது என்று உங்களுக்கே குழப்பம்.

மாடியில் சிக்னல் வரவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் போட்டிருக்கிறீர்களா? இங்கே நின்று கவனியுங்கள். அந்த ரவுட்டரின் "வேன்" (இன்டர்நெட் இணைப்புக்கான) போர்ட்டில் கேபிள் செருகியிருந்தால், மாடி ஒரு தனி நெட்வொர்க்காகிவிட்டது என்று அர்த்தம். கீழே உள்ள பிரிண்டருக்கு மாடியிலிருந்து பிரிண்ட் போகும், ஆனால் பிரிண்டரிலிருந்து மாடிக் கணினிக்கு ஸ்கேன் வராது. ஏனென்றால் உள்ளிருந்து வெளியே போவதை ரவுட்டர் விடும், வெளியிலிருந்து தானாக வருவதை விடாது. பிரிண்டரை மாடியில் வைத்தால் நிலைமை இன்னும் மோசம், கீழே உள்ளவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. மாடி ரவுட்டரை "அக்சஸ் பாயிண்ட்" நிலைக்கு மாற்றுங்கள். எல்லாம் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும்.

5. முகவரியைக் கட்டிப்போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மெஷின் பேனலில் "ரிப்போர்ட்" அல்லது "நெட்வொர்க்" மெனுவில் போய் நெட்வொர்க் செட்டிங் பக்கத்தைப் பிரிண்ட் எடுங்கள். அதில் மூன்றைப் பேனாவால் வட்டமிடுங்கள்: ஐபி முகவரி, கேட்வே, மேக் முகவரி. ஐபி என்பது நெட்வொர்க்கில் மெஷினின் கதவு எண், மாறக்கூடியது. மேக் என்பது பிறக்கும்போதே ஒட்டிய பன்னிரண்டு எழுத்து அடையாளம். அது அப்படியே இருக்கும்.

ஐபி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் கிடைக்காமல் மெஷின் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளையும் ஸ்விட்சையும் பாருங்கள். அது சரியாகாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

முகவரியை நிலையாக்க இரண்டு வழி உண்டு. எனக்குப் பிடித்தது ரவுட்டருக்குள் போய் "டிஹெச்சிபி ரிசர்வேஷன்" அல்லது "அட்ரஸ் ரிசர்வேஷன்" என்ற இடத்தில், இந்த மேக் முகவரிக்கு எப்போதும் இந்த ஐபிதான் என்று எழுதிவைப்பது. யாராவது பிரிண்டரை ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் ரவுட்டர் அதே முகவரியைத் திரும்பக் கொடுக்கும். எல்லா முகவரியும் ஒரே இடத்தில் பட்டியலாகத் தெரியும் என்பது கூடுதல் வசதி.

ரவுட்டர் பாஸ்வேர்டு கிடைக்கவில்லை என்றால் இரண்டாவது வழி: பிரிண்டர் பேனலிலேயே "மேனுவல்" என்று மாற்றி எண்ணைத் தட்டுவது. எந்த எண் என்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். உங்கள் ரவுட்டர் 192.168.1.1 என்றும், அது தானாக வழங்கும் எண்கள் 100 முதல் 200 வரை என்றும் வைத்துக்கொள்வோம். பிரிண்டருக்கு அந்த வரம்புக்கு வெளியே, 192.168.1.50 போல ஒன்றைக் கொடுங்கள். உள்ளே ஒரு எண்ணை எடுத்தால், ரவுட்டர் அதே எண்ணை நாளைக்கு ஒரு செல்போனுக்குக் கொடுத்துவிடும்.

கொடுக்கும் முன் அந்த எண்ணில் வேறு யாரும் குடியிருக்கிறார்களா என்று பாருங்கள். கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து "பிங்" கட்டளையோடு எண்ணைத் தட்டினால், ஆள் இருந்தால் பெரும்பாலும் பதில் வரும். ஓசூரில் ஒரு அலுவலகத்தில் காலை ஒன்பதரை வரை பிரிண்ட் வரும், அப்புறம் விட்டுவிட்டு வரும். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கேமரா மாட்டியவர், படத்தைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டிக்கும் அதே எண்ணைக் கொடுத்திருந்தார். செக்யூரிட்டி ஒன்பதரைக்குத்தான் கேமரா டிவியை ஆன் செய்வார், அதே பிளக்கில் டிவிஆரும் ஆன் ஆகும். இப்போது எங்கே போனாலும் "கேமரா எண் என்ன?" என்று கேட்ட பிறகுதான் மற்ற வேலை.

மேனுவலாகக் கொடுக்கும்போது நான்கு கட்டங்களையும் நிரப்புங்கள். சப்நெட் மாஸ்க் பெரும்பாலும் 255.255.255.0. கேட்வே என்பது ரவுட்டரின் எண். டிஎன்எஸ் (இணையப் பெயருக்கு எண்ணைத் தேடிக் கொடுப்பது) கட்டத்திலும் ரவுட்டரின் எண்ணையே போடலாம். கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் காலியாக இருந்தால் பிரிண்ட் வரும், ஆனால் ஸ்கேனை இமெயிலில் அனுப்பும்போது மெஷினுக்கு வெளியே போகும் வழி தெரியாது. ஆறு மாதம் கழித்துத்தான் அந்தக் குறை வெளியே வரும், அப்போது காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இன்டர்நெட் கம்பெனி மாற்றினால் என்ன ஆகும்? புது ரவுட்டர் வரும். பழையது 192.168.1 வரிசையில் இருந்திருக்கும், புதியது 192.168.0 வரிசையிலோ 192.168.29 வரிசையிலோ இருக்கலாம். மேனுவல் முகவரி போட்ட பிரிண்டர் பழைய தெருவிலேயே நின்றுவிடும், கணினிகள் எல்லாம் புதுத் தெருவுக்குப் போய்விடும். அப்போது பிரிண்டரையும் பத்து கணினியையும் மாற்ற வேண்டாம். இணைப்பு கொடுக்க வந்தவரிடமே "இந்த ரவுட்டரோட லேன் ஐபியைப் பழையபடி 192.168.1.1 ஆக்கிக் கொடுங்க" என்று சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. அவர் பைக்கை எடுப்பதற்குள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ரிசர்வேஷன் வைத்திருந்தவர்கள் அதைப் புது ரவுட்டரிலும் ஒருமுறை எழுத வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் பிரிண்டரை அணைத்துப் போட்டு, அதே செட்டிங் பக்கத்தை மறுபடி பிரிண்ட் எடுங்கள். நீங்கள் கொடுத்த எண் அதில் இருக்கிறதா? இருந்தால் ஒரு சீட்டில் எழுதி மெஷினின் முன்பக்கமே ஒட்டுங்கள்.

6. பிரவுசரில் மெஷினைப் பாருங்கள்

டிரைவர் போடுவதற்கு முன் ஏதாவது ஒரு கணினியின் பிரவுசரில் அந்த எண்ணைத் தட்டுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறக்கும். "பாதுகாப்பற்றது" என்று பிரவுசர் பயமுறுத்தினால், எண் உங்கள் பிரிண்டருடையதுதானா என்று பார்த்துவிட்டுத் தொடரலாம். மெஷின் தானே தயாரித்த சான்றிதழ் என்பதால் வரும் எச்சரிக்கை அது. பக்கம் திறந்தால் கணினிக்கும் மெஷினுக்கும் பாதை சரி. இதற்குப் பிறகு வரும் பிரச்சினை எதுவானாலும் விண்டோஸ் பக்கம்தான்.

இங்கேயே அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இந்தப் பக்கத்தில் அட்ரஸ் புக், மெயில் செட்டிங், ஸ்கேன் ஃபோல்டர் விவரம் எல்லாம் இருக்கப்போகின்றன. "வைஃபை டைரக்ட்" (ரவுட்டர் இல்லாமல் மெஷினோடு நேராக இணையும் வசதி) தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

7. முதல் கணினி

இப்போதுதான் கணினி. அதுவும் ஒன்று மட்டும்.

விண்டோஸ் செட்டிங்ஸில் "பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்" திறந்து "ஆட் டிவைஸ்" அழுத்தினால் பட்டியலில் பிரிண்டர் தானாக வந்து சிரிக்கும். அதைத் தொடாதீர்கள். அப்படிச் சேர்த்தால் விண்டோஸ் பெரும்பாலும் "டபிள்யூஎஸ்டி" என்ற போர்ட்டைப் போட்டுக்கொள்ளும். அது முகவரியை நம்பாமல் மெஷினை அவ்வப்போது தேடிக் கண்டுபிடிக்கிற முறை. தேடல் தவறும் நாளில் "ஆஃப்லைன்". கஷ்டப்பட்டு முகவரியைக் கட்டிப்போட்டதன் பலன் அதோடு போயிற்று.

கொஞ்சம் காத்திருங்கள், கீழே "ஆட் மேனுவலி" என்று வரும். அதில் "ஐபி முகவரி வழியாகச் சேர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். வகை "டிசிபி/ஐபி டிவைஸ்". எண்ணைத் தட்டுங்கள். கீழே டிரைவரைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் கட்டம் ஒன்று டிக் ஆகியிருக்கும், அதை எடுத்துவிடுங்கள். டிரைவர் கேட்கும்போது பென்டிரைவில் உள்ளதைக் காட்டுங்கள். பிசிஎல்6, போஸ்ட்ஸ்கிரிப்ட் என்று இரண்டு வந்தால், பில்லும் கடிதமும் அடிக்கும் அலுவலகத்துக்குப் பிசிஎல்6 போதும்.

பெயரைத் தெளிவாக வையுங்கள். மாடல் எண்ணை விட "அக்கவுண்ட்ஸ் ரூம் 50" என்பது நல்ல பெயர். கடைசி எண் பெயரிலேயே இருந்தால் பின்னாளில் உதவும். பிறகு பிராப்பர்டீஸில் தாள் அளவு ஏ4 தானா என்று பார்த்து டெஸ்ட் பேஜ் அடியுங்கள். வந்ததும் பட்டியலில் உள்ள "காப்பி" வகையறாக்களை எல்லாம் நீக்குங்கள். இருந்தால் யாராவது ஒருவர் தவறாமல் அதில்தான் கொடுப்பார்.

டேலியில் பில் அடிக்க டாட் மேட்ரிக்ஸும் வைத்திருக்கும் அலுவலகங்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு ஒன்று: "டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்" என்ற செட்டிங்கை அணையுங்கள். அணைக்காவிட்டால், கடைசியாக எதில் அடித்தோமோ அதையே விண்டோஸ் டீஃபால்ட்டாக மாற்றிக்கொண்டே இருக்கும். மூன்று பிரதி கார்பன் பில் லேசரில் ஏ4 தாளாக வந்து விழும்.

ஒரு கணினியில் யூஎஸ்பி வழியாக இணைத்து, அதிலிருந்து மற்றவர்களுக்கு ஷேர் செய்வது பழைய பழக்கம். வேண்டாம். அந்தக் கணினி அணைந்தால் எல்லோருக்கும் நின்றுவிடும். 2021ல், பிரிண்ட்களை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் பெரிய பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, அதை அடைக்க வந்த விண்டோஸ் அப்டேட்களுக்குப் பிறகு, இப்படி ஷேர் செய்த பிரிண்டர்களில் 11பி என்று முடியும் பிழை எண் பல அலுவலகங்களில் வந்தது. மெஷினுக்குச் சொந்த லேன் போர்ட் இருக்கும்போது இந்தத் தலைவலி எதற்கு?

8. ஸ்கேன்

பிரிண்ட் வந்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறவர்கள் அதிகம். மறுநாள் போன் வருவது ஸ்கேனுக்காகத்தான். மூன்று வழி இருக்கிறது. கணினியில் உட்கார்ந்து ஸ்கேன் மென்பொருளால் இழுப்பது எளிது, ஆனால் மெஷினுக்கும் இருக்கைக்கும் நடக்க வேண்டும். மெஷினிலேயே பட்டனை அழுத்தி ஷேர் ஃபோல்டருக்கு அனுப்புவதுதான் அலுவலகத்துக்கு ஏற்றது. மூன்றாவது இமெயில்.

ஃபோல்டர் வழிக்கு, பகல் முழுக்க ஆன் ஆகியிருக்கும் ஒரு கணினியைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் பிரிண்டருக்குச் செய்தது போலவே ரிசர்வேஷன் போடுங்கள், 192.168.1.60 என்று வைத்துக்கொள்வோம். இதை மறந்தால் பிரிண்ட் வரும், ஸ்கேன் பத்து நாளில் நின்றுபோகும். தானாகத் தூங்கும் செட்டிங்கையும் அணையுங்கள். தூங்கும் கணினிக்கு ஸ்கேன் போகாது.

அடுத்து, அந்தக் கணினியில் ஸ்கேனுக்கென்றே ஒரு லோக்கல் யூசரை உருவாக்குங்கள். ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர், ஒரு பாஸ்வேர்டு, அது காலாவதியாகாதபடி டிக். ஊழியரின் சொந்தக் கணக்கைக் கொடுத்தால், அவர் பாஸ்வேர்டை மாற்றும் நாளில் ஸ்கேன் நிற்கும். இங்கே அதிகம் பேர் செய்யும் தவறு, கணினியைத் திறக்கும் நாலு இலக்கப் பின் எண்ணைப் பிரிண்டரில் போடுவது. அந்தப் பின் எண் கணினியின் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் செல்லும், நெட்வொர்க் வழியாக வருகிறவரிடம் பாஸ்வேர்டுதான் கேட்கும். "சரியாத்தான் சார் போட்டேன்" என்பார்கள். பின்னைச் சரியாகப் போட்டிருப்பார்கள்.

டி டிரைவில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி ஷேர் செய்யுங்கள். அனுமதி இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டும்: "ஷேரிங்" பகுதியிலும் "செக்யூரிட்டி" பகுதியிலும். ஒன்றில் மட்டும் கொடுத்தால் கதவைத் திறந்து கேட்டைப் பூட்டியது போல. இரண்டிலும் ஸ்கேன் யூசருக்கு எழுதும் உரிமை வேண்டும். அந்த நெட்வொர்க் "பப்ளிக்" என்று இருந்தால் "பிரைவேட்" ஆக்குங்கள். பப்ளிக்கில் விண்டோஸ் ஃபயர்வால் ஃபோல்டர் பகிர்வை வழக்கமாக அடைத்துவிடும்.

பிரிண்டரின் பிரவுசர் பக்கத்தில் அட்ரஸ் புக் திறந்து, எஸ்எம்பி (விண்டோஸ் ஃபோல்டரைப் பகிரும் முறை) வகையில் புதிய பதிவு போடுங்கள். கணினியின் பெயரை எழுதாமல் 192.168.1.60 என்ற எண்ணையே எழுதுங்கள். சில மெஷின்கள் முழுப் பாதையையும் ஒரே கட்டத்தில் கேட்கும், சிலவற்றில் எண்ணுக்கு ஒரு கட்டம், ஃபோல்டருக்கு ஒரு கட்டம். ஃபோல்டர் பெயரில் ஷேர் பெயரைத்தான் எழுத வேண்டும், "டி டிரைவ்" என்று தொடங்கும் பாதையை அல்ல.

எல்லாம் சரியாக இருந்தும் மறுக்கிறதா? மெஷினின் வயதைப் பாருங்கள். பழைய மெஷின்கள் எஸ்எம்பி 1 மட்டும்தான் பேசும். 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10ன் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் அது இருப்பதில்லை. இணையத்தில் தேடினால் "எஸ்எம்பி 1 ஐ ஆன் செய்" என்று பத்துப் பேர் சொல்வார்கள். செய்யாதீர்கள். அதே 2017ல் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்த வழியில் இருந்த ஓட்டையால்தான். முதலில் மெஷினுக்குப் புது ஃபர்ம்வேர், அதாவது மெஷினுக்குள் ஓடும் மென்பொருளின் புதுப் பதிப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இமெயில் வழிக்குப் போங்கள், அல்லது மெஷினில் பென்டிரைவ் செருகி எடுங்கள். விண்டோஸ் 11ன் 24ஹெச்2 பதிப்பு வந்த பிறகு இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. அதன் ப்ரோ வகை எஸ்எம்பி கையொப்பத்தை (வரும் தகவலை வழியில் யாரும் மாற்றவில்லை என்பதற்கான முத்திரை) கட்டாயமாகக் கேட்கிறது. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவையும் மறுக்கிறது. நேற்று வரை வேலை செய்த ஸ்கேன் அப்டேட் ஆன மறுநாள் நின்றால் இதைச் சந்தேகப்படுங்கள். மருந்து அதேதான்: ஃபர்ம்வேர், அப்புறம் தனி யூசர்.

மெஷினின் தேதி, நேரத்தைச் சரிசெய்யச் சொன்னது இதற்காகத்தான். கடிகாரம் ரொம்பத் தவறியிருந்தால் லாகின் மறுக்கப்படலாம், இமெயில் சர்வரின் சான்றிதழும் செல்லாது என்று மெஷின் சொல்லிவிடலாம். காரணம் பிழைச் செய்தியில் வராது.

இமெயிலுக்கு ஜிமெயில் பயன்படுத்துவதாக இருந்தால், வழக்கமான பாஸ்வேர்டு வேலைக்காகாது. வெறும் பாஸ்வேர்டோடு வரும் பழைய கருவிகளைக் கூகுள் 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை ஆன் செய்து, "ஆப் பாஸ்வேர்டு" என்ற பதினாறு எழுத்தை உருவாக்கி அதைப் பிரிண்டரில் போடுங்கள். போர்ட் 587, பாதுகாப்பு டிஎல்எஸ். முதலாளியின் மெயிலைக் கொடுக்காமல் ஸ்கேனுக்கென்று ஒரு கணக்கு திறப்பது நல்லது. ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்பிதான். 600 டிபிஐ கலரில் ஒரு பத்திரத்தை முழுக்க எடுத்தால் தாண்டிவிடும். எழுத்துத் தாள்களுக்கு 200 அல்லது 300 டிபிஐ, கிரே போதும். அரசு இணையதளங்களில் ஏற்றும்போதும் கோப்பைச் சுருக்கும் வேலை மிச்சம்.

9. மற்ற கணினிகள்

முதல் கணினியில் பிரிண்டும் ஸ்கேனும் இரண்டு நாள் ஓடட்டும். அவசரம் என்றால் ஒரு முறையாவது ரவுட்டரையும் பிரிண்டரையும் அணைத்து எழுப்பிப் பாருங்கள். அப்புறம் மற்றவற்றில் ஏழாவது படியை மட்டும் திரும்பச் செய்தால் போதும். செல்போனில் ஆண்ட்ராய்டானாலும் ஐபோனானாலும் அதே வைஃபையில் இருந்தால் பிரிண்டர் பெரும்பாலும் தானாகத் தெரியும், தனி வேலை இல்லை.

10. நின்றுபோனால் எங்கே தொடங்குவது

ஊழியர்களில் ஒருவருக்காவது இந்த வரிசையைச் சொல்லிக்கொடுங்கள். முதலில் மெஷினில் ஒரு ஜெராக்ஸ். வரவில்லையென்றால் மெஷின் கோளாறு. வந்தால், பிரவுசரில் சீட்டில் உள்ள எண்ணைத் தட்டிப் பார்ப்பது. பக்கம் திறக்கவில்லையென்றால் கேபிள், ஸ்விட்ச், முகவரி. திறந்தால் குறை அந்தக் கணினியில். அடுத்த கணினியில் பிரிண்ட் வருகிறதா என்று பார்த்தால் அதுவும் உறுதியாகிவிடும்.

கணினியில் என்றால் வரிசையில் சிக்கி நிற்கும் பழைய பிரிண்ட் ஒன்று பின்னால் வருவதை எல்லாம் மறித்திருக்கும். "சர்வீசஸ்" பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் நகரும். பிரவுசரில் மெஷின் தெரிகிறது, கணினி மட்டும் "ஆஃப்லைன்" என்று சாதிக்கிறது என்றால், பிரிண்டர் பிராப்பர்டீஸில் "போர்ட்ஸ்", அங்கே "கான்ஃபிகர் போர்ட்" போய், "எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்" டிக்கை எடுங்கள். மெஷினிடம் நலம் விசாரித்துப் பதில் வராவிட்டால் விண்டோஸ் அதை ஆஃப்லைன் என்று முடிவுகட்டுவது அந்த டிக்கால்தான்.

என்ன நடந்தாலும், "பிரிண்டரை டெலீட் பண்ணிட்டுத் திரும்பச் சேர்த்துப் பார்ப்போம்" என்பதை மட்டும் கடைசியில் வையுங்கள். மாங்கூழ் ஆலை அக்கவுண்டன்டிடம் இதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன். அவர் மெஷினில் ஒட்டிய சீட்டுக்குக் கீழே சிவப்பு மையில் "சேர்க்காதே" என்று எழுதிவைத்திருக்கிறார்.